ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

பழைய கடிகாரத்தின் டயல் அசலா, மறுபடி பூசியதா என்று சொல்ல எனக்கு லென்ஸே தேவையில்லை. தபாலில் வந்த கடிகாரம் ஒன்றை உறை பிரிக்காமலே ‘பூச்சு’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லென்ஸ் மாட்டுவது வந்தவர்களின் மனத்திருப்திக்கு.

அசலில் எழுத்தின் நுனி ஊசிபோல் முடியும். பூச்சில் எழுத்துக்கெல்லாம் கால் வீங்கியிருக்கும். அறுபது வயதிலும் புள்ளியில்லாமல் பளபளக்கிற முகத்தை நம்பக்கூடாது. சூட்சுமம் இவ்வளவுதான்.

பழைய கடிகாரப் பிரியர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். அசல் டயல்களுக்கு அங்கே தனி மேஜை உண்டு. என் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் அதில் எதுவும் ஏறாது. முப்பத்தொரு வருடமாக ஒரு சீட்டும் பொய்த்ததில்லை. எனக்கிருக்கும் சொத்து அந்தப் பெயர்தான்.

இந்த வருடக் கூட்டத்துக்கு முதல் நாள் என் மனைவியின் அண்ணன் வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். தலை மட்டும் கருகருவென்றிருக்கும்.

“மாப்பிள்ளை, அப்பா கடிகாரம் நாளைக்கு மேஜை ஏறணும். சீட்டு எழுதுங்க.”

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன், பெண் தருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாமனார் அதே கடிகாரத்தைத்தான் சுத்தம் செய்யக் கொடுத்தார். நான் பெரிய கெட்டிக்காரன்போல் டயலையும் மருந்தில் முக்கினேன். பன்னிரண்டு எண்களும் கிண்ணத்தில் நீந்தின. நாலு மட்டும் கரையேறப் பார்த்தது, முடியவில்லை. பூனை வாலில் மூன்று மயிர் பிடுங்கித் தூரிகை கட்டி, விடிவதற்குள் எல்லாவற்றையும் வரைந்து முடித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பூனையின் கொள்ளுப்பேரன்கூட இன்றும் என்னைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

லென்ஸை மாட்டினேன். கால் வீக்கம் அதிகமில்லை. என் கையை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் ஓரத்து நிமிடக் கோடுகளை எண்ணினேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நாலு கோடு இருக்க வேண்டும். ஐந்து இருந்தது.

“என்ன மாப்பிள்ளை, டயலுக்குள்ள இறங்கிட்டீங்களா?”

அசல் என்று எழுதினால் என் சீட்டு பொய்க்கும். பூச்சு என்றால், யார் பூசியது என்று கேட்பார். ‘பூச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“யார் கைவேலை?”

“ஒரு அரைகுறை.”

“அரைகுறைக்குப் பேர் இல்லையா?”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, “சொல்லிடுங்க. அண்ணன் முழங்கால் வலியோட உக்காந்திருக்காரு” என்றாள்.

“நான்தான் மச்சான்” என்றேன்.

அவர் முழங்காலை நீட்டிக்கொண்டார். “அப்பாடா. அப்பா உங்ககிட்டேருந்து திருப்பி வாங்கிட்டு வந்த மறுநாளே கோட்டை எண்ணிட்டாரு. மொத்தம் அறுபத்தொண்ணு.”

“கோபப்பட்டாரா?”

“‘கெடுத்ததைத் திருப்பிக் குடுக்கறப்ப ஒண்ணு கூடவே வச்சுக் குடுத்திருக்கான். இவனை நம்பிப் பொண்ணைக் குடுக்கலாம்’னாரு. நீங்களா சொல்றவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு.”

“உனக்குமா தெரியும்?” என்று மனைவியைப் பார்த்தேன். அவள் துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தக் கடிகாரம் மேஜையில் ஏறவில்லை. மச்சானின் மணிக்கட்டில் கூட்டத்துக்கு வந்தது. கேட்டவர்களிடமெல்லாம், “பூச்சு. எங்க மாப்பிள்ளை கைவேலை” என்று காட்டினார். நானும் விளக்கினேன்: மணிக்கு ஒரு நிமிடம் கூடுதல், நாற்பத்திரண்டு வருடத்துக்கு எட்டு மாதம் மிச்சம். மச்சான் தலை நரைக்காத ரகசியம் அதுதான் என்றேன்.

பத்தடி தூரத்திலிருந்தே பூச்சைக் கண்டுபிடிக்கிறவன் நான். ஆனாலும், நாற்பத்திரண்டு வருடம் வாய் திறக்காதவரின் தலைக்கு ‘அசல்’ என்று சீட்டு எழுதுவதில் எனக்கு ஆட்சேபமில்லை.