சகலை ஏற்றுக்கொண்ட தப்பு

என் மனைவியின் தங்கை கணவன், அதாவது என் சகலை, எங்கள் ஆபீஸிலேயே வேலைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் மாமியார் அவனுக்கு முதலில் பரிமாறுவதைப் பொறுத்துக்கொண்டேன். ஆபீஸில் முடியவில்லை.

பதினாறு வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். பழைய முறையில் ஒரு ஃபைலை நான் பூட்டி வைத்துக்கொண்டால், நான் விடும்வரை வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. "சார், கொஞ்சம் விடுங்க சார்" என்று என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விடுவேன். இப்போது 'கிட்' என்ற புது முறை வந்துவிட்டது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வேலைக்கும் ஒரு நகல் இருக்குமாம். எல்லாரும் ஒரே ஃபைலைத் திருத்தலாமாம். பூட்டும் போயிற்று, என் மேஜையில் கூட்டமும் போயிற்று. கூட்டம் இப்போது சகலையிடம். அவன் இதில் புலி. மென்பொருளின் அடுத்த வெளியீட்டுப் பொறுப்பு எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார்.

"சந்தேகம் இருந்தா கேளுங்கண்ணே" என்றான் சகலை.

"எனக்கென்னப்பா சந்தேகம்?" என்றேன். செத்தாலும் கேட்பேனா?

வியாழக்கிழமை மதியம் என் திருத்தங்களை சர்வருக்கு அனுப்பினேன். மற்றவர்களுடையதை முதலில் வாங்கிச் சேர்த்துக்கொள் என்று அது திருப்பி அனுப்பியது. பதினாறு வருடத்தில் நான் யாருக்குக் காத்திருந்தேன்? மறுக்காமல் ஏற்றுக்கொள் என்று சர்வரைக் கட்டாயப்படுத்த ஒரு கட்டளை உண்டு, அதை அடித்தேன். ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூச்சல் கிளம்பியது. என் நகல் மேலே ஏறியதில், ஆறு பேருடைய நான்கு நாள் வேலை சர்வரில் இல்லை.

சகலை வந்து என் திரையை ஒரு தடவை பார்த்தான்.

"பயப்படாதீங்கண்ணே. எல்லாருதும் சேந்த நகல் என்கிட்ட இருக்கு."

இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. என் திருத்தங்களையும் அதோடு பத்திரமாகச் சேர்த்துவிட்டான்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். "யாரு பண்ணது?"

நான் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார். கவனிக்காம அடிச்சிட்டேன்" என்றான் சகலை.

மேனேஜர் அவனையே பார்த்தார். "தப்பையும் ஒத்துக்கிட்டு, உடனே சரியும் பண்ணிட்டீங்க. இப்படி ஒரு ஆளுதான் வேணும். வெளியீட்ட நீங்களே பாத்துக்குங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தத் தப்பு ஒன்றுதான் அன்று முழுக்க முழுக்க என்னுடையது. அதையும் அவனுக்கே விட்டுவிட்டேன்.