கொடியேற்றத்துக்கு முதல் நாள் பொரித்த மீன்

மீன் பொரிக்கிற தாச்சியைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்து, ஏணி வைத்து ஏறி, சாமான் அறையின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு நான் கீழே இறங்கவும், என் மருமகள் தனுசியா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் சரியாக இருந்தது.

"மாமி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேள் பிள்ளை."

"மீன். மாவுக்குள்ளை தோய்ச்சு, மொறுமொறெண்டு பொரிச்ச மீன்."

மறுநாள் நல்லூர் முருகன் கோயிலில் கொடியேற்றம். கொடியேறினால் இருபத்தைந்து நாளும் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது. அதற்கு முதல் நாளே வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மீன் காய்ச்சிய சட்டி, பொரித்த தாச்சி எல்லாவற்றையும் கண்ணில் படாத இடத்துக்கு ஏற்றிவிடுவோம். அன்று விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிய வேலை பதினொரு மணிக்குத்தான் முடிந்திருந்தது. குசினியில் இருந்த மாப் பேணி, தூள் பேணி ஒன்றையும் விடவில்லை. வெறுமையாக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி நிரப்பினேன். என் இடுப்பு என் பேச்சைக் கேட்காத நிலையில் இருந்தது. வேறு யாராவது அந்த நேரத்தில் மீன் என்று வாய் திறந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

கேட்டது தனுசியா. மூன்று மாதக் கர்ப்பிணி. முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள் நான். கர்ப்பிணித் தாயின் போசாக்கு என்ற பாடத்தைப் புத்தகம் இல்லாமல் ஒப்பிப்பேன். பயற்றங்கஞ்சி, முருங்கையிலை, ஆட்டெலும்புச் சூப்பு, மாதுளம்பழம் என்று பாடத்தில் உள்ள அத்தனையும் செய்து கொடுத்துவிட்டேன். எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. அவள் ஒவ்வொரு முறையும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "குறை நினைக்காதேங்கோ மாமி" என்பாள். நான் குறை நினைத்தேன். பொய் சொல்வானேன். சமையலிலும் நினைத்தேன், என்னிலும் நினைத்தேன்.

போன கிழமை கிளினிக்கில் நிறை பார்த்த மருத்துவமாது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள், "ரெண்டு கிலோ குறைஞ்சிட்டா அம்மா. வாற முறையும் குறைஞ்சால் ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சுப்போடுவினம்." பருத்தித்துறையிலிருந்து அவளுடைய தாய் கனகாம்பிகை போன் எடுத்து, "அக்கா, உங்களுக்கும் கரைச்சல், பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. மகன் கோகுலனுக்குக் கிளிநொச்சியில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறவன். என்னை நம்பி விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு ஒருவாய் சோறு தின்னக் கொடுக்க என்னால் முடியவில்லை என்று ஊர் சொல்லாவிட்டாலும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குத்தான் அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

"கொம்மா செய்து தாறவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமி. நெல்லியடியிலை படிக்கேக்கை ரியூசன் முடிய ஒரு கடையிலை வாங்கித் தின்னுறனாங்கள். இப்ப அந்தக் கடை இல்லை. காலமையிலையிருந்து அந்த மொறுமொறுப்புத்தான் வாய்க்குள்ளை நிக்குது."

அவளுடைய தாயும் செய்யாத ஒன்று என்றதும் எனக்குள் ஒரு உற்சாகம் வந்ததை நான் மறைக்கப் போவதில்லை.

"இஞ்சருங்கோ!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். என் கணவர் செல்வரட்ணம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். இளைப்பாறிய நாளிலிருந்து வேப்பமரத்தடியில் சாய்மனைக் கதிரையையும் போனையும் விட்டு நகராதவர். விஷயத்தைச் சொன்னதும் சைக்கிளை எடுத்தார். "வீடு கழுவியாச்செல்லே?" என்று மட்டும் கேட்டார்.

"வெளியடுப்பிலை பொரிக்கிறன். வீட்டுக்குள்ளை கொண்டு வந்தால்தானே. நீங்கள் போங்கோ."

கொடிக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் மீன் கிடைப்பது லேசில்லை. இருபத்தைந்து நாளைக்கும் சேர்த்துத் தின்று வைப்பதுபோல் எல்லோரும் விடியவே வாங்கி முடித்துவிடுவார்கள். இவர் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், அங்கே வெறும் பலகையைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் கொழும்புத்துறைக் கடற்கரை வரைக்கும் உழக்கியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து, நனைந்த சேர்ட்டும் கையில் ஒரு பையுமாக வந்தார். பைக்குள் நல்ல கலவாய் மீன் ஒன்று.

"அடைக்கலநாதன் எண்டு மீன் விக்கிற ஒருத்தர். தன்ரை வீட்டுக்கெண்டு எடுத்து வைச்ச மீன். மருமகள் கேட்டவ, இப்பிடி இப்பிடி எண்டு சொன்னன். ஒரு கதையும் கதைக்கேல்லை, தூக்கித் தந்திட்டார்."

தாச்சியை மறுபடி மேலிருந்து இறக்கினேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். மீனை முள் இல்லாமல் விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி வைத்தேன். நாங்கள் மீனைத் தூள் பிரட்டிப் பொரிக்கிற ஆட்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கிறதை வாழைக்காயோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். அதனால் இவர் போனில் ஒரு வீடியோவைப் போட்டு எனக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து வாசகர் ஆனார்.

"மாவுக்குள்ளை குளிர்ந்த பியர் விடட்டாம்," என்றார். குரலில் ஒரு பிரகாசம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்லாட்டிச் சோடாவும் விடலாமாம்," என்று உடனே சேர்த்துக்கொண்டார். சந்திக் கடைக்குப் போய் ஒரு சோடாவோடு வந்தார்.

குசினிக்குள் போய் மாப் பேணியை எடுத்து வந்தேன். ஒரே மாதிரிப் பால்மாப் பேணிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் துண்டு ஒட்டியிருக்கும். காலையில் கழுவியபோது துண்டெல்லாம் ஊறி உரிந்துவிட்டது. வெள்ளையாகவும் மெதுமையாகவும் இருந்ததை எடுத்தேன். அரிசி மா கொஞ்சம், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு சேர்த்துச் சோடாவை விட்டேன். கலவை நான் நினைத்தபடி வரவில்லை. கோதுமை மா கரைத்தால் அகப்பையில் கொஞ்சம் இழுபட வேண்டும். இதுவோ ஒரு பிடிப்பும் இல்லாமல் மணல் மணலாக ஓடியது. "சோடா சரியில்லை," என்றேன். "பியர் எண்டால்..." என்று அவர் தொடங்கினார். அகப்பையைக் காட்டினேன். வீடியோவைப் பார்க்கத் தொடங்கினார்.

இன்னும் கொஞ்சம் மா போட்டுத் தடிப்பாக்கி, மீன் துண்டுகளை முதலில் வெறும் மாவில் பிரட்டி, பிறகு கரைசலில் தோய்த்து, காய்ந்த தேங்காயெண்ணெயில் விட்டேன். சோவென்று மழை தொடங்கின மாதிரி ஒரு சத்தம். கரைசல் கழன்று எண்ணெயோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பொரியப் பொரியப் பொன்னிறமாகி, மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பூத்து வந்தது. கரண்டியால் தட்டினேன். ஓடு தட்டின சத்தம் கேட்டது.

தனுசியா துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தாள். பொரிக்கிற மணத்துக்கு எழுந்து ஓடுகிறவள் ஓடவில்லை. கோப்பையில் இரண்டு துண்டும் ஒரு தேசிக்காய்ப் பாதியும் வைத்துக் கொடுத்தேன். நானும் இவரும் அவளைப் பார்க்காதது மாதிரி இருந்தோம். இவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நான் எரிகிற விறகை எரியவில்லை என்று ஊதினேன்.

கறுக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு கறுக்.

"மாமி."

"என்ன பிள்ளை, சத்தி வருதோ?" வாளியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"இல்லை. இன்னும் ரெண்டு போடுங்கோ."

ஆறு துண்டு தின்றாள். விரலை நக்கினாள். தாச்சியில் கழன்று மிதந்த மாப் பொருக்கைக்கூட அள்ளித் தரச் சொன்னாள். அதன்பிறகு நாங்கள் காத்திருந்தோம். கால் மணி நேரம், அரை மணி நேரம். அவள் வாங்கில் சரிந்து படுத்து, "நல்லாயிருக்கு மாமி" என்றாள். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். தின்றது உள்ளேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று இவரிடம் சொன்னேன். அப்போது அடுப்பு அணைந்து வெகுநேரம்.

மிஞ்சிய துண்டுகளை நாங்கள் இரண்டு பேரும் நின்ற நிலையிலேயே தின்றோம். கடைசித் துண்டுக்கு இவர் என்னோடு அடிபட்டார். கலியாணம் கட்டி முப்பத்து மூன்று வருடத்தில் அப்படிச் சிரித்தது எத்தனை முறை என்று தெரியாது.

பின்னேரம் என் இடுப்புக்கு இரங்கி, இரவுச் சாப்பாட்டுக்குத் தானே புட்டு அவிக்கப்போவதாக இவர் குசினிக்குள் போனார். பத்து நிமிடத்தில் குரல் வந்தது.

"இஞ்சேரும், இந்த மா என்ன இப்பிடி? சுவருக்குப் போஸ்டர் ஒட்டலாம் போலை கிடக்கு!"

போய்ப் பார்த்தேன். சுளகு முழுக்கப் பசை. அவருடைய பத்து விரலிலும் பசை. புட்டுக்கென்று அவித்து அரித்து வைத்த கோதுமை மா எங்கே என்று பேணிகளைத் திறந்தேன். ஒன்று பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அதைத்தான் நான் மத்தியானம் சோடாவில் கரைத்திருக்கிறேன். இவருடைய சுளகில் கிடந்தது அவிக்காத பச்சை மா. அவித்த மாவில் பசை செத்துப்போகும். பசை இல்லாததால்தான் அந்த மொறுமொறுப்பு. காரணம் உடனே விளங்கியது. மனையியல் படிப்பித்தவளுக்கு விளங்காமல் போகுமா? பேணியில் என்ன இருக்கிறது என்பதுதான் விளங்காமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கனகாம்பிகை போன் எடுத்தாள். நித்திரையால் எழும்பிய தனுசியா தாய்க்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, ஆறு துண்டு திண்டவளாம்! எந்த மாவிலை செய்தனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோ."

நான் ஒரு தரம் தொண்டையைச் செருமினேன். "அவிச்ச மா கனகம். கட்டாயம் அவிச்ச மாவாத்தான் இருக்க வேணும். பச்சை மா சரிவராது," என்றேன், வகுப்பில் நிற்கிற அதே குரலில். பசைக் கையோடு நின்ற இவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி வெளியே ஓடினார்.

கனகாம்பிகை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற கதையை எடுக்கவில்லை. போனை வைக்கும்போது, "உங்களிட்டை இருக்கிறது நல்லது அக்கா" என்றாள்.

கிணற்றடியில் தாச்சியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தனுசியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குக் கொடி, என்ன மாமி?"

"ஓம்."

"அப்ப இருபத்தஞ்சு நாளைக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் தாச்சியைப் பார்த்தாள். "இல்லை மாமி, சும்மா கேட்டனான். நான் சமாளிப்பன்."

தாச்சியை இன்னொரு முறை தேய்த்தேன். அறுபது வயதுவரை ஒருநாளும் தவறவிடாத விரதம். மறுபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்த இவர், "தாரும், மேலை வைக்கிறன்" என்றார்.

"இருக்கட்டும். ஈரம் காயட்டும்," என்றேன்.

தாச்சியைத் துவைக்கிற கல்லில் கவிழ்த்து வைத்தேன். வெயில் அதை நான் கை துடைப்பதற்குள் காயவைத்துவிட்டது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. இவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை குளித்து, நல்லூருக்குக் கட்டுகிற மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, அர்ச்சனைத் தட்டோடு பின்வாசலால் இறங்கினேன். முருகனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடிதான் நடந்தேன். தாச்சி வைத்த இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, நல்ல காய்ந்த பூவரசம் விறகை இவர் சின்னச் சின்னதாகப் பிளந்து முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்.