உயரப் பாட்டிலும் அகலப் பாத்திரமும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர்கள் இரண்டு பேர். வருஷக் கடைசியில் நிரந்தரமாகப் போகிற இடமோ ஒன்றே ஒன்று. மற்றவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒருத்தி இரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு. எதைப் பார்த்தாலும் கப்பை எடுத்து அளக்கக் கிளம்பிவிடுவாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அளவு டீச்சர். இன்னொருத்தி பக்கத்து ‘ஆ’ பிரிவு, வயதில் மூத்தவள். ஆசிரியர் அறையில் அவளைச் சர்க்கரை என்பார்கள். பேச்சு அப்படி.

ஒரு வேலைக்கு இரண்டு பேர் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள். இவர்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். “எனக்கெல்லாம் எங்க கண்ணு கிடைக்கப் போகுது? நீதான் வாங்கணும்,” என்பாள் சர்க்கரை. அளவு டீச்சரும் அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாள்.

அந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்ய, இருவருடைய பாடத்தையும் ஒரே நாளில் கல்வி அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்கு அதுவரை நடத்தாத பாடமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. தெரியாத ஒன்றைப் பிள்ளை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று அவர் பார்க்க வேண்டுமாம். நியாயமான ஆசைதான்.

அளவு டீச்சர் அதற்கென்றே ஒரு பாடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். ஒல்லியாக உயர்ந்த ஒரு பாட்டில், அகலமான ஒரு பாத்திரம், இரண்டிலும் சாயம் கலந்த தண்ணீர். எதில் அதிகம் என்று கேட்டால் எந்தக் குழந்தையும் பாட்டிலைத்தான் காட்டும். பிறகு ஒவ்வொன்றாக அளவு ஜாடியில் ஊற்றிக் காட்டினால் இரண்டும் ஒரே கோட்டில், ஒரு லிட்டரில் வந்து நிற்கும். வகுப்பே வாயைப் பிளக்கும். அந்த வாய் பிளப்பில்தான் பாடமே இருக்கிறது. ஒரு முறை பார்த்த பிள்ளை மறுமுறை பிளக்காது.

காலி வகுப்பறையில் அக்காவுக்கு மட்டும் அதை நடத்திக் காட்டினாள். “அதிகாரி அசந்துடுவாரு, பாரு,” என்று அக்கா கன்னத்தைக் கிள்ளினாள்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மதியம் அளவு டீச்சருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நீ கிளம்பும்மா, பிள்ளையப் பாரு. என் பசங்களுக்கு விளையாட்டு பீரியட்தான். உன் கிளாஸ நான் பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா. கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா என்று நினைத்துக்கொண்டே அளவு டீச்சர் ஓடினாள்.

மறுநாள் காலை, குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டிலையும் பாத்திரத்தையும் மேசை மேல் வைத்து அளவு டீச்சர் கேட்டாள்: “எதுல தண்ணி அதிகம்?”

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்,” என்றது வகுப்பு முழுவதும், ஒரே குரலில்.

முன்வரிசையில் பல் விழுந்த வாண்டு ஒன்று எழுந்து விளக்கமும் கொடுத்தது. “நேத்தே ஊத்திப் பாத்துட்டோம் டீச்சர். ஒரு லிட்டர். பெரிய சார் வந்தா டக்குன்னு சொல்லணும்னு பக்கத்து கிளாஸ் டீச்சர் சொன்னாங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். “பக்கத்து டீச்சரை வெச்சு ஒத்திகை பாத்துட்டீங்க போல.”

“நான் சொல்லலை சார்.”

“சரி, நடத்துங்க,” என்றார். அதற்குப் பிறகு அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அப்போதுகூட பைத்தியக்காரி அளவு டீச்சர், அக்கா தெரியாமல் செய்திருப்பாள் என்றே நம்பினாள்.

மதியம் அக்கா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?”

“பீரியட் சும்மா போகுதேன்னு காட்டினேன் கண்ணு.”

“டக்குன்னு சொல்லச் சொல்லி வெச்சீங்களே.”

அக்கா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். “எனக்கும் இந்த வேலை வேணும். கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பியா?”

கொடுத்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். “மாட்டேன். ஆனா உங்கள ஏமாத்தியிருக்க மாட்டேன்.”

“அது உன் குணம்,” என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடு. ஆறிடப் போகுது.”

கூட இருந்தே குழி பறித்துவிட்டு அந்தக் குழிக்குள் சோறும் இறக்குகிற கை அது. அளவு டீச்சர் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மதியத்துக்கு மேல் அதிகாரி ‘ஆ’ பிரிவுக்குப் போனார். அக்கா எடைப் பாடம், அதாவது ஒரு பை பஞ்சும் ஒரு கல்லும், நடத்துவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். இரண்டு வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. காலையில் அக்கா தன் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிப் போயிருந்தாள். அதன் வழியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. பிறகு அக்காவின் குரல். எதில் அதிகம் என்ற அதே கேள்வி. “எனக்கும் பாட்டில்லதான் அதிகம்னு தோணுது” என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஏமாறுகிற அதே நடிப்பு. வார்த்தைக்கு வார்த்தை இவள் பாடம்.

அளவு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். அது தன் பாடம் என்று போய்ச் சொல்லலாம். காலையில் பார்த்த கூத்துக்குப் பிறகு அதிகாரி யாரை நம்புவார்? பாடத்தை அக்காவிடமிருந்து திருடியதே இவள்தான் என்று நினைப்பார்.

பல் விழுந்த வாண்டு எழுந்து நின்றது. “டீச்சர், அங்க நம்ம பாட்டில் பாடம் நடக்குது. அவங்களுக்குத் தெரியல. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் ஓடிப்போய்ச் சொல்லட்டுமா?”

‘போ’ என்ற ஒரு சொல் போதும். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவு திறந்துதான் கிடந்தது.

“உக்காரு,” என்றாள். “அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் மொத்த வகுப்பும் ‘ஆ’ என்று வாயைப் பிளந்தது. அதிகாரி கை தட்டினார். எதற்கென்று தெரியாவிட்டாலும் இந்தப் பக்கம் இவளுடைய பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள்.