வழுக்கிப் பூட்டும் மூடி

இன்னும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வாருங்கள், என் கண்ணுகளா. விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு மூடியைப் பற்றிக் கதை சொல்லப் போகிறேன். இதை உரக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நடுவில் தொண்டை அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

காப்புரிமை அலுவலகத்தின் மேல்மாடி நடைவழியில், ஒரு பெஞ்சின் ஓரத்தில் அந்த மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். ஒரு காலத்தில் இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு டேப் சுருளை மாட்டிக்கொண்டு திரிவான். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'டேப்பு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "டேப்பு கல்யாணத்துக்கு மாலையே வேணாம்டா, ரெண்டு பேரையும் ஒட்டி விட்டுடலாம்" என்று கேலி பேசுவார்கள். இப்போது அந்த மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அவனுடைய அக்கா. அவள் மடியில் ஒரு டிபன் டப்பா. அதற்குள் பஞ்சு விரித்து, அவன் செய்து பார்த்த மூடிகளை முட்டை அடுக்குவதுபோல் அடுக்கி வைத்திருந்தாள்.

அது என்ன மூடி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இயந்திரத்துக்குள்ளே ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குச் செய்தி கொண்டுபோக, காகிதம்போல் மெல்லிய ஒரு தட்டைக் கேபிள் இருக்கும். ரிப்பன் என்பார்கள். அதன் நுனியைக் கனெக்டரில் செருகி, அதன் மேலிருக்கும் சின்னப் பழுப்புத் தாழை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாழ் இருக்கிறதே, தும்மினால் உடையும் சாதி. உடைந்தால் புதிய கனெக்டர் வர நாளாகும். அதுவரைக்கும் மேலே ஒரு துண்டு டேப். "இப்போதைக்கு ஒட்டி வை" என்பதுதான் அந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு அதிகம் புழங்கும் வாக்கியம். இவன் செய்த மூடியோ, தீப்பெட்டி உறைபோல வழுக்கிக்கொண்டு போய்க் கனெக்டரைக் கவ்வும். ரிப்பன் முழுதாக உள்ளே போகவில்லை என்றால் மூடி பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்றால் அதன் வால் துருத்திக்கொண்டு, இயந்திரத்தின் மேல்கூட்டை மூடவே விடாது. தப்பாகச் செருகிவிட்டு யாரும் எழுந்துபோக முடியாது. காப்புரிமை கிடைத்தால் தயாரிப்பதாக ஒரு தொழிற்சாலைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அச்சிலிருந்து வந்த மூடிகளின் ஓரப் பிசிறையெல்லாம் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துக் கொடுத்தவள் அக்காதான். எதற்கு இந்தப் பாடு என்று அவள் கேட்டபோது, "ரிப்பன் கழண்டா ஸ்கிரீன் அணைஞ்சிடும்க்கா, அதுக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தான். அது பொய்யில்லை. பாதி.

மீதிப் பாதி அவளுடைய வீட்டிலேயே நடந்தது. அவள் புருஷன் நெஞ்சு பழுதாகி, வீட்டில் ஒரு மூச்சுக் கருவியின் தயவில் இருந்தவர். கருவி மக்கர் செய்யும்போதெல்லாம் தம்பிதான் வந்து பார்ப்பான். ஒரு நாள் மதியம் அவள் மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து பார்த்தால், குழாய் முகத்திலிருந்து நழுவிக் கிடந்தது. கருவி தன் பாட்டுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவருக்கு உயிர் இல்லை. குழாய் நழுவினால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அந்தக் கருவி அலறும், அவளுக்குத் தெரியும். "கத்தியிருக்கும்டா. மாடியில காத்துடா. இந்தப் பாழாப்போன காதுல விழலடா" என்று தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அதற்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "விடுக்கா."

அன்றிலிருந்து எங்கே எது 'பீப்' என்றாலும் அவள் எழுந்து ஓடுவாள். துணி துவைக்கும் மெஷினுக்கு ஓடுவாள். ரிவர்ஸ் எடுக்கும் லாரிக்கு ஓடுவாள். சாப்பிடும்போது அவன் கைப்பேசி ஒலித்தால் எச்சில் கையோடு எழுந்து நிற்பாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவள்போல் உட்காருவாள். அவன் குனிந்துகொள்வான்.

வக்கீலம்மா வந்தாள். காப்புரிமை வழக்குகளை மட்டுமே பார்க்கிறவள், வேகமாகப் பேசுகிறவள். "பயப்படாதீங்க. இந்த ஆபீஸ்ல சக்கரத்தையே கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தாலும், உருளுறது ஏற்கெனவே தெரிஞ்சதுதானேன்னு கேப்பாங்க" என்று சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புதுசுங்கிறதுல தகராறு இல்ல. இந்தத் தொழில் தெரிஞ்ச எவனுக்கும் தானா தோணியிருக்குமாங்கிறதுதான் கேள்வி. டேப் சூட்டுல விட்டுடும்னு யாருக்கும் தெரியாதுன்னா, நீங்க பண்ணது கண்டுபிடிப்பு. தெரியும்னா, இது அடுத்த படி, அவ்வளவுதான். அதனால கேட்டா, எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லணும். அதுதானே உண்மை?"

"அதேதாங்க" என்றாள் அக்கா, அவன் வாய் திறக்கும் முன்பே. "மூடிக்கு எங்க வீட்டுக்காரரு பேரையே வச்சிடலாம்னு இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். போனவருக்கு அதாவது மிஞ்சட்டும்."

"நீ இங்கயே உக்காருக்கா. உள்ள ஏசி ஒத்துக்காது உனக்கு."

"போடா. இத்தனை மூடியத் தேச்சவ நானு."

உள்ளே ஒரு நீள மேசை. அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது. கெட்டவரில்லை. ஒரு மூடியை எடுத்து முன்னும் பின்னும் வழுக்கிப் பார்த்தார். அது போய்ச் சேரும் 'டிக்' சத்தம் பிடித்துப்போனதுபோல் மறுபடியும் மறுபடியும் செய்தார். பிறகு இரண்டு பழைய வரைபடங்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் வழுக்கும் மூடி இருந்தது, ஆனால் கூட்டைத் தடுக்கும் வால் இல்லை. இன்னொன்றில் வால் இருந்தது, ஆனால் அது அச்சு இயந்திரத்துக் கதவு. "ரெண்டையும் சேத்தா இது வந்துடுதேம்மா. சேக்கணும்னு ஒரு மெக்கானிக்குக்குத் தோணாதா?" என்றார்.

வக்கீலம்மாவுக்குச் சூடு பிடித்தது. "தோணலையே சார், இத்தனை வருஷமா! இது சும்மா ஸ்கிரீனுக்குப் போற கேபிள் இல்ல. மூச்சுக் கருவில இந்த ரிப்பன் கழண்டா அலாரமே அடிக்காது. காத்து ஓடும், விளக்கு எரியும், ஆனா ஆள் செத்தாலும் சத்தம் வராது. அதுதான் சார் எங்க கண்டுபிடிப்போட உயிரே."

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"அலாரம் அடிக்காதா?" என்றாள் அக்கா. யாரிடம் என்றில்லை.

"கொஞ்சம் அமைதியா இருங்கம்மா" என்றார் அதிகாரி, மரியாதையாகவே. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. தாழ் உடைஞ்சா டேப் ஒட்டறதுதான் வழக்கம்னு உங்க மனுவுலயே இருக்கு. அந்த டேப் சூட்டுல விட்டுடும்ங்கிறது உங்களுக்கு எப்போ தெரியும்?"

வக்கீலம்மா கண்ணால் 'சொல்லுங்கள்' என்றாள். மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் காப்புரிமையும் மிஞ்சியிருக்கலாம், அக்காவும் மிஞ்சியிருக்கலாம். யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு யார் மேல் கோபப்பட முடியும்? அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகில் அவளுடைய கண் பட்டுக்கொண்டிருந்தது, வெயில் படுவதுபோல. அந்தக் காது பாழாய்ப் போகவில்லை என்று சொல்ல உலகத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

"ஆரம்பத்துல இருந்தே தெரியும் சார்" என்றான். "எனக்குன்னு இல்ல, இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். சூடேறினா பசை இளகும். ஒரு வாரமோ பத்து நாளோ, ரிப்பன் மெல்ல மெல்ல வெளிய வந்துடும். தெரிஞ்சுதான் ஒட்டுவோம். எங்க அத்தான் மெஷின்லயும் தெரிஞ்சுதான் ஒட்டினேன். புது கனெக்டர் வரல. மெஷினை நிறுத்தி வைக்கவும் முடியாது. பாத்துக்கக்கா, அலாரத்தை நம்பாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாம் சரியாயிடுச்சுக்கான்னு சொல்லிட்டு, காப்பியக் குடிச்சிட்டு வந்துட்டேன்." வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "அப்புறமாப் போய்த் திறந்து பாத்தேன். டேப்பு சுருண்டு கிடந்துச்சு. ரிப்பனத் திரும்பச் செருகி மூடி வச்சிட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். வக்கீலம்மா தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள். முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார் அதிகாரி. என்ன முடிவு என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். டப்பாவை எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

பேருந்தில் கூட்டமில்லை. அக்கா அவனுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவனுக்கு அவளுடைய பின்தலை மட்டும் தெரிந்தது, வகிட்டின் இரண்டு பக்கமும் வெளுத்த முடி. நாலைந்து நிறுத்தங்கள் போயின. கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் 'பீப், பீப்' என்றது. அவள் அசையவில்லை.

"அன்னிக்கு அது கத்தவே இல்லையாடா?" என்றாள் திரும்பாமல்.

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

"இல்லக்கா."

"நான் ஓடி ஓடி எழுந்திரிச்சதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்த."

அடுத்த நிறுத்தத்தில் அவள் எழுந்தாள். அவர்களுடைய நிறுத்தமில்லை அது; அந்தத் தெருவில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவன் பதறி எழுந்ததும், அவள் உள்ளங்கையை அவன் பக்கமாக நிமிர்த்திக் காட்டினாள். அந்தக் கை அவனைத் தொடவில்லை, ஆனாலும் அவன் உட்கார்ந்துவிட்டான். பேருந்து நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். நிழற்குடையின் பெஞ்சில் அவள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கி மடித்துக்கொண்டாள். வந்து நின்ற இன்னொரு பேருந்து அவளை மறைத்தது. அது போன பிறகும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போய் முகம் கழுவுங்கள். உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரல் கூப்பிட்டவுடன் காதில் விழட்டும். விழாமல் போன நாளொன்று வந்தாலும், உண்மையை அன்றைக்கே சொல்லிவிடுகிற மனிதர்கள் உங்களைச் சுற்றி இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் மூச்சு சீராக ஓடட்டும். நன்றாக இருங்கள்.