உள்ளே இருப்பது என்னோடது

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் முடிவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடுப்பூசி போட்டும் எதிர்ப்பு சக்தி ஒண்ணுமே ஊறலையா?" என்று கேட்டாள். நிஜம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். அழுகைக்கு ஆள் பிடிக்கிற வேலை.

இரண்டாவது: அவள் தையல்காரி. அவள் உடம்பில் வேலை செய்வது தம்பி கொடுத்த சிறுநீரகம். தம்பி லாரி ஓட்டுகிறான், தங்கமான... [இவ்வளவு நல்லவனை நீங்கள் நம்பமாட்டீர்கள்.] சரி, கொடுத்ததைச் சொல்லிக்காட்டாமல் ஒரு வேளை சாப்பிடாதவன். "உப்பைக் கொறைச்சுக்கோ அக்கா. உள்ள இருக்கிறது என்னோடது."

3

(கொஞ்சம் விஞ்ஞானம். தாண்டிப் போகாதீர்கள், கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு கூட்டம் அந்நியம் எது என்று கண்டு குரல் கொடுக்கும். அதைக் கேட்டு இன்னொரு கூட்டம் எதிர்ப்பொருளைச் சுரக்கும். அவள் தினமும் விழுங்கும் மாத்திரைகள் அந்தக் குரலை அடக்குகின்றன. அதனால்தான் தம்பியின் சிறுநீரகம் தப்பித்துக் கிடக்கிறது. அதனாலேயே தடுப்பூசியும் அவளிடம் வீணாய்ப் போனது.)

4

இப்போது தம்பி தொற்றுக் காய்ச்சலில் தனி வார்டில் கிடக்கிறான். தேறமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் போனாலும், ஊசி பலிக்காத அவள் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாதாம். போனில்தான் பேசினாள்.

"வராதக்கா." அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரே தடவை, கண்ணால பாத்துட்டு வந்துடுறேன்டா."

"நீ வருவே. கூடவே என் பொருளையும்ல இழுத்துட்டு வருவே?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். எழுதும்போது எனக்கும் தாங்கவில்லை.

5

ஒரு முடிவு: எதிர்ப்பு சக்தி திரும்பட்டும், போய்ப் பார்க்கலாம் என்று மாத்திரையை நிறுத்துகிறாள். அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை முதலில் பாயும் அந்நியன் தம்பிதான்.

இன்னொன்று: மாத்திரையை விழுங்கிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு போகிறாள். அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு அவளும்... (எழுதமாட்டேன்.)

அதுவும் இல்லையென்றால், அவள் போகவில்லை. தம்பி தனியாகச் சாகிறான். அக்கா உப்பில்லாமல் சாப்பிட்டு அவனுடையதைக் காப்பாற்றுகிறாள்.

மூன்றையும் எழுதி அடித்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை.

மாத்திரை வேளை வந்துவிட்டது. மாத்திரை அவள் உள்ளங்கையில் இருக்கிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள். தண்ணீர் டம்ளர் உங்கள் பக்கம் இருக்கிறது.