சவேதா வீட்டு வெயில்

சவேதாவின் கூரையில் இருந்த சோலார் பேனல் உள்ளூர்ச் சூரியனை மதிப்பதில்லை. அபூசேனி மலையில் மின்கம்பங்கள் தேவாலயத்தோடு நின்றுவிட்டன; அதற்கு மேலே இருப்பவர்களுக்கு அவரவர் கூரைதான் கரண்ட் ஆபீஸ். மற்ற வீட்டுப் பேனல்கள் காலையில் விழித்து மாலையில் அடங்கின. சவேதாவுடையதோ ஜூன் மாதத்தில் இருட்டிய பிறகும் சுடச்சுட வேலை செய்தது, பூனை போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. கொளுத்தும் மத்தியானத்தில் சில நாள் சொட்டுக் கரண்ட் தராமல் கிடந்தது.

அதை மாட்டியவன் அவளுடைய ஒரே மகன் இலாரியே. ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போவதற்கு முதல் நாள் ஏணியில் ஏறி, போல்ட்டு முடுக்கி, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினான். "இனிமே இருட்டுல சூப் குடிக்க வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுவேன்" என்றான். வடக்கே மட்டும் போவதில்லை என்று ரொட்டியில் கை வைத்துச் சத்தியமும் செய்தான். அவன் அப்பா வடக்கே மரம் வெட்டப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவர்.

பக்கத்து வீட்டு காவ்ரிலா, பழுது பார்த்தே பாதி ஊர் ரேடியோக்களை ஊமையாக்கியவர், ஒருநாள் பொழுது சாய்ந்ததும் ஏறிப் பார்த்தார். "பேனல் நல்லாத்தான் இருக்கு மதினி. உங்களுக்குத்தான் பகல் எது ராத்திரி எதுன்னு குழம்பிப்போச்சு."

"எனக்கா குழப்பம்? தொட்டுப் பாரு."

தொட்டார். விரலை வாயில் வைத்துக்கொண்டு, பிளம் சாராயம் ஒரு வாய் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

சவேதாவுக்கு எந்தப் பகலுக்கு எழுவது, எந்த இருட்டுக்குப் படுப்பது என்று தெரியவில்லை. அக்டோபரில் முற்றமெல்லாம் உலர்ந்து கிடந்த ஒரு ஞாயிறு, பேனல்மேல் மட்டும் ஒரு சாண் பனி விழுந்திருந்தது. துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது மகன் கூப்பிட்டான். "அங்க வெயில் எப்படிடா?" என்றாள். "மண்டையப் பொளக்குதும்மா!" என்றான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பேனல், தன்னைத் துடைத்துவிட்டுப் போனவனின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவன் ஸ்பெயினில் இல்லை, பனி விழும் வடக்கே இருக்கிறான். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் அவன் வருவானா, கூப்பிடுவதையும் நிறுத்திவிடுவானா என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை.

டிசம்பரில் பேனல் அடியோடு அணைந்தது. காவ்ரிலா வீட்டில் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தும், ஞாயிறுகளில் அது வாய் திறக்கவில்லை.

"வடக்குல ஜூன்ல ராத்திரியும் சூரியன் மறையாதாம், இந்த மாசம் வரவே வராதாம் மதினி."

"செத்தவனுக்கும்தான் வராது" என்றாள் சவேதா. இரண்டில் எது என்று பேனல் சொல்லவில்லை. அவள் தினமும் ஏணியில் ஏறி அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்து அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலை உச்சியில் சூரியன் தலைகாட்டியது. அதே நொடியில், எல்லார் வீட்டுப் பேனலோடும் சேர்ந்து, அவளுடையதும் விழித்தது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. சவேதா சோளக் களி கிண்டி, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். களி ஆறுவதற்குள் இலாரியே பாதையில் ஏறி வந்தான், தாடியும் பனி பூட்ஸுமாக.

"அதுக்கு மேல பொய் சொல்ல வாய் வரலம்மா. அதான் கூப்பிடல" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பெரிய கருவாட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஸ்பெயின்ல இதுவும் மரத்துலதான் காய்க்குதா?" என்று கேட்டுவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் குத்தினாள்.

அவன் இருந்த வரைக்கும் பேனல் ஊரோடு ஒத்து வாழ்ந்தது. ஈஸ்டர் முடிந்ததும் மறுபடி கிளம்பினான். வாசலில் நின்று, "எங்க போறேன்னா..." என்று தொடங்கினான்.

"சொல்லாத. நீ கண்ணாடியத் தொடச்சுட்டுப் போ."

ஜூன் பிறந்ததும் பூனை இரவில் கூரைக்குப் போகத் தொடங்கியது. சவேதா வாஷிங் மெஷினை ராத்திரியில் போட்டுக்கொண்டாள்.