குடலுக்கு விதிவிலக்கு இல்லை

ஆயர் இல்லத்திலிருந்து விதிவிலக்கு வந்த அன்று, சிங்கராசா மாமா அந்தக் கடுதாசியைக் கையில் பிடித்தபடி எங்கள் கீரிக் கிராமம் முழுக்க நடந்தார். மச்சானும் மச்சாளும் கட்டுவதென்றால் எங்கள் சனத்துக்கு வாயெல்லாம் பல். கோவில் சட்டத்துக்கோ அது இரத்த உறவு, திருமணத் தடை. தடையை நீக்கும்படி ஆயரிடம் கேட்டார்கள், கிடைத்தது. நானும் மாமாவின் மகன் லோறன்ஸும் இனித் தாராளமாகக் கட்டலாம்.

"ஆண்டகையே ரத்தத்தைப் பிரிச்சு விட்டிட்டார். இனி உந்த டொக்டர்மார் என்னத்தைச் சொல்லுறது?" என்றார் மாமா, எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு. ஆயரின் கையெழுத்து விழுந்ததும் எங்கள் இருவரின் இரத்தமும் வேறுவேறாகிவிட்டது என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

டொக்டர்மார் சொன்னது, எனக்குப் பெருங்குடலில் புண் என்று. மிளகாயால் வந்ததல்ல, கண்ணூறால் வந்ததுமல்ல. உடம்பைக் காக்க வேண்டிய காவலே குடலைக் கடிக்கிற வருத்தம். இரத்தமும் சளியுமாகப் போகும். பூசையில் பிரசங்கம் நீண்டால், மற்றவர்கள் பாவத்தை நினைப்பார்கள், நான் கோவில் கக்கூசின் தாழ்ப்பாளை நினைப்பேன். யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் டொக்டர் நசீறா முதலில் கேட்டது, "குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்றுதான்.

அம்மா முந்திக்கொண்டா. "எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லை டொக்டர். இவளின்ர தேப்பன்ர பக்கத்தாலதான் வந்திருக்கும்."

என் அப்பா அந்தோனிமுத்து இலுப்பைக்கடவைக்காரர். ஆணியைப் பொரித்துக் கொடுத்தாலும் செமிக்கிற வயிறு. நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து கனகாலம். செத்த மனிதர் எழும்பி வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் தமையன் சிங்கராசா மாமா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். அதைக் கேட்டால், "எங்கட பரம்பரைக்கே வயிறு கல்லு" என்பார்.

டொக்டர் நசீறா பொறுமையாக விளங்கப்படுத்தினா. இதற்கென்று ஒரு மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னதாக உண்டு, தாய் வழியாலும் வரும், தகப்பன் வழியாலும் வரும். இருக்கிற எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை. ஆனால் ஒருவருக்கு வந்துவிட்டால், கிட்டின சொந்தத்தில் இரத்தம் போகிறவர்கள் சும்மா இருக்கக்கூடாது. வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம்.

அதைக் கேட்டதும் எனக்கு லோறன்ஸின் ஞாபகம் வந்தது. லோறன்ஸ் மெலிந்துகொண்டே வந்தார். சாப்பாடில்லாமல் வெறும் பிளேன்ரீ குடித்துவிட்டு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். சேர்ட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கேட்டால், "சூடு" என்பார். நானும் இரண்டு வருடம் அதைச் சூடு என்றுதான் சொல்லி இளநீர் குடித்தேன், மயங்கி விழும்வரை. பள்ளிக்கூட நாள் முதல் எனக்கு அந்த ஆளில் விருப்பம். கலியாணம் நின்றாலும் நிற்கட்டும், அவருடைய குடலை யாராவது பார்க்க வேண்டும். ஆனால் தகப்பன் தன் பரம்பரைக்கே இல்லை என்று மறைக்கிற வருத்தத்தை மகன் எப்படி உண்டு என்று சொல்வார்?

கோவிலில் எங்கள் கலியாணத்தை அறிவிக்க முன்னர் பங்குச் சுவாமி அமிர்தநாயகம் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அது வழமை. மாமாவும் சாட்சியாக வந்திருந்தார்.

"ஒருத்தருக்கொருத்தர் பாரதூரமான எதையும் மறைச்சிருக்கிறியளோ?" என்று சுவாமி லோறன்ஸைக் கேட்டார்.

லோறன்ஸ் நிலத்தைப் பார்த்தார். "இல்லை சுவாமி," என்றார் மாமா.

"உங்களைக் கேக்கேல்லை," என்றார் சுவாமி.

எனக்கு வாய் நிற்கவில்லை. "சுவாமி, மாமாவையும் கேளுங்கோ. வேதப்புத்தகத்தில கை வைச்சுச் சொல்லட்டும், தனக்கு ரத்தம் போறேல்லை எண்டு."

"சீ! சுவாமிக்கு முன்னால கக்கூஸ் கதையோ!" என்றார் மாமா.

"சுவாமிக்கும் குடல் இருக்கு," என்றார் சுவாமி. "சொல்லுங்கோ சிங்கராசா."

"ஆண்டகை விலக்குத் தந்திட்டாரெல்லே?"

"ஆண்டகை கோவில் சட்டத்துக்குத்தான் விலக்குத் தந்தவர். உங்கட குடலுக்கு விலக்குக் குடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை." வேதப்புத்தகத்தை மாமாவின் பக்கம் தள்ளினார்.

டொக்டரிடம் கூசாமல் பொய் சொல்வார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்ல மாமாவால் முடியாது. கையை வைத்தார், நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கனகாலமாப் போகுது. எங்களைப் பெத்த அப்புவும் அப்பிடித்தான் செத்தவர். மூலமெண்டு சொல்லிப் புதைச்சனாங்கள்," என்றார்.

"லோறன்ஸுக்கு?" என்றேன்.

"அவனுக்கும்தான். தெரிஞ்சா ஆர் பொம்பிளை தருவினம்? நீ எண்டா, பிள்ளை, வருத்தக்காரி. வேண்டாமெண்டு சொல்லமாட்டாய் எண்டுதான்..."

மகனுக்குப் பெண் பார்த்தாராம்! மறுக்க வக்கில்லாத ஒருத்தியை அல்லவா பார்த்திருக்கிறார்! அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. லோறன்ஸின் பக்கம் திரும்பினேன். "கலியாணம் கிடக்கட்டும். நாளைக்கு என்னோட யாழ்ப்பாணம் வாங்கோ. மாமாவும் வரட்டும்."

அடுத்த நாள் போனோம். மூன்று பேருக்காக பஸ் எத்தனை இடத்தில் நின்றது என்று கேட்காதீர்கள், சாரதி எங்களைக் குலதெய்வம் வரைக்கும் திட்டினான். பிறகு குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்ததில் மாமாவுக்கும் லோறன்ஸுக்கும் அதே வருத்தம்தான். நல்லவேளை, புற்று இல்லை. மாமா தப்பினது அதிர்ஷ்டம் என்று டொக்டர் நசீறா முகத்துக்கு நேரே சொன்னா.

லோறன்ஸ் மெல்லக் கேட்டார். "நாங்கள் கட்டினா, பிள்ளைக்கு?"

"தாய்க்கும் தேப்பனுக்கும் இருந்தா, சான்ஸ் நல்லாக் கூடும். நீங்கள் சொந்தமும். வருமெண்டும் சொல்ல ஏலாது, வராதெண்டும் சொல்ல ஏலாது," என்றா டொக்டர்.

நான் எழும்பிக் கக்கூசுக்கு ஓடினேன். உள்ளே இருக்கையில் கதவில் தட்டினார்கள்.

"ஆள் இருக்கு," என்றேன்.

"நான்தான்." லோறன்ஸ்.

"அந்தரமோ, அடக்க ஏலாதோ?"

"அந்தரம்தான். ஆனா அதுக்கு முன்னம் ஒண்டு கேக்கோணும். அப்பா கேட்டது வேற. பிள்ளைக்கும் வரலாமெண்டு தெரிஞ்சுகொண்டு இப்ப நான் கேக்கிறன். என்னைக் கட்டுறியோ?"

அந்த இடத்தில் இருந்தபடியே அழுதேன். பிள்ளையை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால், அதைச் சூடு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு வேண்டாமெண்டு சொல்லத் தெரியும், மச்சான்."

"தெரியும்," என்றார். வெளியே கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"ஓம்," என்றேன். "கட்டுறன்."